முன்சக்கரத்தின் பாரம்

வேலூரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் அமிர்தி. அங்கே சமவெளி முடிகிறது. ஜவ்வாது மலை தொடங்குகிறது. அருவி பார்க்கவும் சிறிய உயிரியல் பூங்காவைச் சுற்றவும் வருகிறவர்கள் அடிவாரத்தோடு திரும்பிவிடுவார்கள். மலைமேல் ஊர் உள்ளவர்களுக்கோ அமிர்தி ஒரு வாசல். சாமையும் புளியும் தேனும் அந்த வாசல் வழியே இறங்குகின்றன. அரிசியும் உப்பும் சிமெண்டும் ஏறுகின்றன. அந்தச் சுமையில் பெரும்பங்கு இன்று இருசக்கர வண்டிகளின் மேல் விழுகிறது. இரண்டு பேர் போகவென்று செய்த வண்டியில் ஒரு குடும்பத்தின் ஒரு மாதத் தேவை கட்டப்பட்டு ஏறுவதை அங்கே சற்று நின்றால் காணலாம்.

நானும் ஒருமுறை அப்படி ஏறினேன். மலையூரில் ஒரு நண்பர் வீட்டு விசேஷத்துக்காக இரண்டு அரிசி மூட்டைகளைப் பின்சீட்டில் கட்டியிருந்தேன். மூன்றாவது வளைவில் ஹேண்டிலைத் திருப்பினேன். ஹேண்டில் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. ஒரு கணம் அது நேராகவே பள்ளத்தை நோக்கிப் போயிற்று. எப்படியோ நிறுத்திவிட்டேன். ஹேண்டில் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, மெல்ல இறங்கி, அடிவாரத்து மெக்கானிக்கிடம் வந்து சேர்ந்தேன்.

அந்த இளைஞர் ஹேண்டிலைத் தொடவே இல்லை. வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார். நசுங்கிக் கிடந்த ஷாக் அப்சார்பர்களைப் பார்த்தார். ஸ்பானரால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கை இரண்டு நாட்ச் ஏற்றினார். ஒரு மூட்டையை அவிழ்த்து எனக்கு முன்னால், டாங்கின்மேல் சாய்த்துக் கட்டினார். பிறகு சொன்னார்: "மூட்டைய எல்லாம் பின்னாடியே ஏத்திட்டு, ஹேண்டிலு பேச்சு கேக்கலன்னா இன்னாண்ணா பண்றது? முன்வீல்ல வெயிட்டு இருந்தாத்தாண்ணா அது திரும்பும்."

அதே வளைவு, அதே சுமை. இம்முறை வண்டி சொன்னபடி திரும்பியது. வளைவு கடந்துவிட்டது, அந்தச் சொல் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நாம் எல்லோரும் திசையைக் கையின் திறமை என்று நினைக்கிறோம். பிடி கையில் இருந்தால் போக்கும் கையில் இருப்பதாக நம்புகிறோம். ஆனால் சக்கரம் திரும்புவது கையால் மட்டும் அன்று. மண்ணை அழுத்திப் பிடிப்பதாலும்தான். மண்ணைப் பிடிக்க அதன்மேல் பாரம் இருக்க வேண்டும். ஏற்றத்தில், அதுவும் வேகம் கூட்டும்போது, பாரம் தானாகவே பின்னுக்குச் சரிகிறது. முன்சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரம் இனிமையாகத் தோன்றும். கைக்குச் சிரமமே இராது. அந்தச் சிரமமின்மைதான் அபாயத்தின் முதல் அறிகுறி.

உலகின் மறுகோடியில், மண்ணே கண்ணில் படாத நிலத்திலும் இதே உண்மைதான் ஆள்கிறது. காஷ்மீரின் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகள் ஏறும் பனி வண்டியை, ஸ்னோமொபைலை, நம்மில் பலர் படத்திலாவது பார்த்திருப்போம். முன்னே இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னே சுழலும் பட்டை. பலகை திசைக்கு, பட்டை வேகத்துக்கு. காட்டுப் பனிப்பாதைகளில் விரைந்து ஓட்ட விரும்புகிறவர்கள் தங்கள் வண்டியைப் பதப்படுத்தும்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி, எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பது மட்டும் அன்று. பலகைகளின்மேல் எவ்வளவு பாரம் நிற்கிறது என்பதும்தான். வேகத்தைக் கூட்டினால் பாரம் பட்டைக்குப் போய்விடும். பலகை பனியின் மேல் மிதக்கும். வளைவு கைவிட்டுப் போகும். அதனால் வண்டியின் முன்பகுதி அளவுமீறி எழாதபடி உள்ளே ஒரு வாரைச் சுருக்கிக் கட்டுகிறார்கள். அளவுக்கு மேல் சுருக்கினாலோ பலகை பனியைக் கீறிக்கொண்டு போகும், கை வலிக்கும், பட்டை பிடிப்பை இழக்கும். அமிர்தியின் மெக்கானிக்கும் அந்தப் பனிநாட்டு ஓட்டுநரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே நூலிழையில் நிற்கிறார்கள்.

பாரத்தை ஏற்பதற்கும் ஒரு முறை உண்டு. ஸ்பிரிங் பள்ளத்துக்கு இணங்கிச் சுருங்குகிறது. சுருங்க மறுத்தால் அடி முழுவதும் சட்டத்துக்கும் முதுகெலும்புக்கும் போகும். ஆனால் சுருங்கிய ஸ்பிரிங் தன் போக்கில் விட்டால் துள்ளும். துள்ளுகிற சக்கரம் தரையை விடும். தரையை விட்ட சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திசையும் இல்லை. ஆகவே முன்ஃபோர்க்கின் உள்ளே எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு நகர்ந்து, அந்தத் துள்ளலைச் சூடாக மாற்றி அடக்குகிறது. ஹேண்டிலைத் தாங்கும் கோன் செட்டும் அப்படியே. தளர்ந்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் தடதடக்கும். இறுகினால் தன்னைத் தானே நேர்ப்படுத்திக்கொள்ளும் இயல்பை வண்டி இழந்து அலைபாயும்.

இந்த இடைநிலைக்கு நம் மொழியில் ஒரு பழைய சொல் உண்டு: பதம். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழிலுக்குப் பெயரே பதனிடுதல். பச்சைத்தோலை அப்படியே விட்டால் ஈரத்தில் அழுகும், வெயிலில் பலகையாக விறைக்கும். பதனிட்ட தோலோ அழுகவும் செய்யாது, விறைக்கவும் செய்யாது. வளையும், ஆனால் கிழியாது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையின் சாறு செய்த வேலையும், இன்று ஃபோர்க்கின் எண்ணெய் செய்யும் வேலையும் அடிப்படையில் ஒன்றுதான்: வருவதை ஏற்கவும், ஏற்றபின் தன் நிலைக்குத் திரும்பவும் ஒரு பொருளுக்குக் கற்றுக்கொடுப்பது. மனிதருக்கும் அந்தக் கல்வி வேண்டியிருக்கிறது. எதற்கும் இணங்காதவர் முதல் பள்ளத்திலேயே முறிகிறார். எல்லாவற்றுக்கும் துள்ளுகிறவர் எங்கும் கால் பாவாமலே காலத்தைக் கழிக்கிறார்.

ஆயினும் பதம் என்பது பாரத்தைத் தாங்குவதற்கான தகுதி மட்டுமே. பாரத்தை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டு எவ்வளவு பதமாக இருந்தாலும் பயன் என்ன? இங்கேதான் அந்த இளைஞரின் சொல் வண்டியை விட்டு இறங்கி நம் வீட்டுக்குள் வருகிறது. குடும்பத்தில் முடிவு எடுப்பவர் ஒருவராகவும், அந்த முடிவின் சுமையை அடுப்படியிலும் கடன்காரர் வாசலிலும் தாங்குபவர் வேறொருவராகவும் இருந்தால், அந்த வீட்டின் பிடி எவர் கையில் இருந்தாலும் வீடு திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புவதில்லை. அலுவலகத்துக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் இது பொருந்தும். பிடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பாரத்தைப் பின்னால் இருப்பவர் முதுகில் கட்டிவிடும் எந்த அமைப்பும், சமதரையில் அழகாகத்தான் ஓடும். ஏற்றம் வரும்போதுதான் அதன் முன்சக்கரம் காற்றில் இருந்தது தெரியவரும்.

அந்தப் பனி வண்டி பிறந்த கதைக்கு வருவோம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சிற்றூர். அங்கே மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் ஜோசப்-அர்மாண் பொம்பார்டியே. பனிமேல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே முயன்றுவந்தவர். 1934இன் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். சாலைகளைப் பனி மூடியிருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் குழந்தை இறந்தது. தகப்பனின் மேல் இறங்கக்கூடிய பாரங்களில் அதைவிடக் கனமானது எது? 1937இல் அவர் தமது பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய வண்டிகள் பனிக்காலத்தில் மருத்துவரையும் பள்ளிப் பிள்ளைகளையும் தபாலையும் சுமந்தன. 1959இல் வந்த ஸ்கீ-டூ, இன்று உலகமெங்கும் விளையாட்டாக ஓட்டப்படும் பனி வண்டிகளுக்கு முன்னோடியாயிற்று. நாம் உல்லாசம் என்று பார்க்கும் அந்த வண்டியின் வரலாற்றில் ஒரு தகப்பனின் துயரமும் இருக்கிறது.

இனி நம் மலைக்குத் திரும்புவோம். அமிர்திக்கு மேற்கே, அதே மலைத்தொடரில், அணைக்கட்டு வட்டத்தைச் சேர்ந்தது அல்லேரி மலை. 2023 மே மாதம் அங்குள்ள அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலையில்லாத மலையிலிருந்து இறக்கி மருத்துவமனை சேர்ப்பதற்குள் உயிர் போயிற்று. உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை இருந்த மட்டும் வந்து நின்றது. அதற்குமேல் தாய் தன் குழந்தையைக் கையில் ஏந்தி மலை ஏறினார். அந்தக் காட்சி செய்தியான பிறகே அல்லேரிக்குச் சாலை என்ற பேச்சு வலுத்தது.

ஒன்றில் பனி, ஒன்றில் பாறை. ஒன்றில் தகப்பன், ஒன்றில் தாய். இரண்டிலும் வழியில்லாமல் போன ஒரு குழந்தை. ஆனால் இரண்டுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு, அதுவே நம் நெஞ்சைச் சுட வேண்டியது. வால்கூரில் பாரம் யார்மேல் விழுந்ததோ அவர் கையிலேயே கருவியும் இருந்தது. ஆகவே துயரம் திசையாக மாறியது. அல்லேரியில் பாரம் ஒரு தாயின் கைகளில் இருந்தது, பிடியோ அவர் என்றும் கண்டிராத மேசைகளில் இருந்தது. துயரத்துக்கும் திசைக்கும் இடையில் பல கிலோமீட்டர் காட்டுப்பாதை கிடந்தது. மலையில் சாலை இல்லாமல் போவதற்குப் பாறையும் வனச்சட்டமும் நிதியும் காரணங்களாகச் சொல்லப்படலாம். அவை உண்மையான காரணங்களாகவும் இருக்கலாம். ஆனாலும் அந்தக் காரணங்களை எடைபோடுகிறவர் ஒருநாளேனும் அந்த ஒற்றையடிப் பாதையில் ஒரு நோயாளியைத் தோளில் சுமந்து இறங்கியிருந்தால், எடைக்கல் வேறாக இருந்திருக்கும் என்பதை நாம் எவரும் மறுக்க முடியாது.

பாரம் தண்டனை என்றே நாம் பழகியிருக்கிறோம். அதைக் குறைத்துக்கொள்வதே உயர்வு என்றும், அதிலிருந்து முற்றிலும் விலகிநிற்பதே அதிகாரம் என்றும் நம் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்கிறோம். ஆனால் அமிர்தியின் ஏற்றமும் வால்கூரின் பனியும் வேறொன்றைச் சொல்கின்றன: திசையை அறியும் உரிமை பாரத்தை உணர்கிறவருக்கே வாய்க்கிறது, தாங்கும் அளவுக்குத்தான் திருப்பவும் முடிகிறது, பிறருடைய சுமையில் ஒரு பங்கைத் தன்மேல் இறக்கிக்கொள்ளாத எந்தக் கையும், எவ்வளவு உறுதியாகப் பற்றியிருந்தாலும், உண்மையில் எதையும் செலுத்திக்கொண்டிருக்கவில்லை.

வீட்டிலோ ஊரிலோ அலுவலகத்திலோ, நம் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு பிடி இருக்கிறது. ஹேண்டில் மிக இலேசாக இருப்பதாகத் தோன்றும் நாளில் மகிழ வேண்டாம். வண்டியை நிறுத்தி இறங்குவோம். பின்னால் நசுங்கிக்கொண்டிருப்பவர் யார் என்று பார்ப்போம். ஒரு மூட்டையையாவது அவிழ்த்து முன்னால் கட்டிக்கொள்வோம்.