பேயிடம் போகும் பழி

1927 அக்டோபரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ஆரஞ்சு நகரத்து இடுகாட்டில் ஒரு சவப்பெட்டியைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே இருந்தவர் மோலி மாஜியா. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 24 வயதில் இறந்த தொழிலாளிப் பெண். முதலில் ஒரு பல் வலித்தது, பிடுங்கினார்கள். புண் ஆறவில்லை. அடுத்த பல், அதற்கடுத்த பல் என்று போய், கடைசியில் பல் மருத்துவரின் விரல் பட்டதுமே தாடை எலும்பு உடைந்து கையோடு வந்துவிட்டது. இறப்புச் சான்றிதழில் சிபிலிஸ் என்று எழுதினார்கள். செத்த பிறகும் அந்தப் பெண்ணின் பெயரில் அந்த அவமானம் ஒட்டிக்கொண்டிருந்தது. தோண்டி எடுத்த எலும்புகளைச் சோதித்தபோது அந்த நோயின் தடயமே இல்லை. இருந்தது ரேடியம்.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழில் எச். பி. லவ்கிராஃப்ட்டின் 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' என்ற திகில் கதை வெளிவந்தது. ஒரு பண்ணையில் விண்கல் விழுகிறது. மண்ணிலும் கிணற்றிலும் பெயரிட முடியாத ஒரு நிறம் ஊறுகிறது. பழங்கள் பெருத்துக் கசக்கின்றன, செடிகள் இருட்டில் ஒளிர்கின்றன, கால்நடைகளும் பிறகு மனிதர்களும் உதிர்ந்து போகிறார்கள். ஆரஞ்சு நகரில் நடந்ததை லவ்கிராஃப்ட் நினைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த இரண்டும் அருகருகே கிடக்கின்றன. என்னைப் போல் சரித்திரத் திகில் ஆட்டங்களை எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆசைகாட்டல் கிடையாது.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: 1981இல் சாண்டி பீட்டர்சன் லவ்கிராஃப்ட்டின் கதைகளை வைத்து உருவாக்கி, கேயோசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் கதுலு' ஒரு மேசை ஆட்டம். பலகை இல்லை, காய் இல்லை. நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு பேசியே ஒரு கதையை நடத்துகிறோம். ஒருவர் கீப்பர், உலகமும் மற்ற எல்லா மனிதர்களும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் 1920களின் நிருபர், பேராசிரியர், மருத்துவர் என்று துப்புத் துலக்குகிறார்கள். ஐயம் வரும் இடத்தில் பகடை உருளும். பழைய கடிதங்கள், செய்தித்தாள் துண்டுகள், மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றைக் காகிதத்தில் செய்து கையில் கொடுப்பது இந்த ஆட்டத்தின் தனி அழகு. இந்த மர்மக் கதைச் சட்டகத்தைத்தான் சினாரியோ என்கிறோம்.

மோலி வேலை செய்த ரேடியம் தொழிற்சாலையை வைத்து ஒரு சினாரியோ எழுத உட்கார்ந்தால், கை தானாக எழுதுவது இதுதான்: வானத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று அங்கே தீட்டும் ஒளிரும் சாயத்தில் இருக்கிறது, அது பெண்களைத் தின்கிறது, நாயகர்கள் நள்ளிரவில் நிலவறைக்குள் இறங்கி அதை அழிக்கிறார்கள். நல்ல திகில் கிடைக்கும். ஆட வந்தவர்களும் மகிழ்ச்சியாக வீடு போவார்கள். நான் அதை எழுத மறுக்கிறேன். உண்மையில் நடந்ததைப் படித்தால் காரணம் விளங்கும்.

யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷனின் தொழிற்சாலையில் இளம்பெண்கள் கடிகார முகப்பு எண்களுக்கு ஒளிரும் வண்ணம் தீட்டினார்கள். எண்கள் மெல்லியவை, தூரிகை நுனி கூராக இருக்க வேண்டும். அதனால் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். உதடு, வண்ணம், எண், மறுபடி உதடு. நாள் முழுக்க. இரவில் வீடு திரும்பினால் தலைமுடியும் உடையும் ஒளிர்ந்தன. அவர்களில் ஒருவரான கிரேஸ் ஃப்ரையர் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை இருட்டில் ஒளிர்ந்தது. சிலர் விளையாட்டாகப் பல்லில் பூசிக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. அதே கட்டடத்தில் வேதியியலாளர்கள் ரேடியத்தை இடுக்கியால் எடுத்தார்கள், ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்றார்கள்.

1924இல் ஹார்வர்டைச் சேர்ந்த செசில் டிரிங்கரை நிறுவனமே ஆய்வுக்கு அழைத்தது. தொழிற்சாலைதான் நோய்க்குக் காரணம் என்று அவர் எழுதிக்கொடுத்தார். நிறுவனம் அந்த அறிக்கையை மாற்றி, பெண்கள் எல்லோரும் நலமாக இருப்பதாக மாநிலத் தொழிலாளர் துறைக்குக் கொடுத்தது.

ஒருமுறை இந்த அறிக்கைகளின் சாரத்தை இரண்டு தாளாகத் தட்டச்சு செய்து மேசையில் வைத்தேன்: எழுதியது ஒன்று, அரசுக்குப் போனது ஒன்று. அசுரன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடிக்கொண்டிருந்த நண்பர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். "அப்போ தெரிஞ்சேதான் பண்ணியிருக்காங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். பிறகு வெகுநேரம் யாரும் பகடையைத் தொடவில்லை. எத்தனையோ இரவுகள் எத்தனையோ கோர உருவங்களை நான் வருணித்திருக்கிறேன். அந்த மேசை அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

லவ்கிராஃப்ட்டின் கல் வானத்திலிருந்து விழுந்தது. அதற்கு முதலாளி கிடையாது. யார் மேலும் வழக்குப் போட முடியாது. சரித்திரத்தில் அப்படி விழுந்த கற்கள் மிகக் குறைவு. எப்போதும் யாரோ ஒருவர் கொண்டுவந்து வைத்திருக்கிறார், யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பிசாசை உட்காரவைத்தால், செத்தவர்களை நாம் மறுபடி ஏமாற்றுகிறோம்.

இந்த விளையாட்டின் பழைய சினாரியோக்களில் இதைவிட மோசமான பழக்கம் ஒன்றும் உண்டு. 1984இல் வந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் நயர்லத்தோடெப்' இத்துறையின் பெரும்படைப்பு. அதை நான் மிகவும் நேசிக்கிறேன். 1925இல் நியூயார்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா என்று உலகைச் சுற்றும் கதை. அதன் கென்யாவில் பயங்கரம் மலையில் பலியிடும் ஒரு ரகசியக் கூட்டத்திடம் இருக்கிறது. அந்த ஆண்டு உண்மையான கென்யாவில், பிரிட்டிஷ் ஆட்சி ஆப்பிரிக்க ஆண்களின் கழுத்தில் கிபாண்டே என்ற அடையாளச் சீட்டை உலோகப் பெட்டியில் மாட்டித் திரியவைத்திருந்தது. அது இல்லாமல் பிடிபட்டால் தண்டனை. லவ்கிராஃப்ட் வெளிப்படையான இனவெறியர்; குடியேறிகளையும் கறுப்பர்களையும் கண்டு அஞ்சியதைக் கதையாக்கியவர். அந்த அச்சம் ஆட்டத்துக்குள்ளும் வழிந்து வந்தது. 2017இல் கிறிஸ் ஸ்பைவி எழுதிய 'ஹார்லெம் அன்பவுண்ட்' அதைத் திருப்பிப் போட்டது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின மக்களே அதில் நாயகர்கள். அந்த நூலுக்குப் பிறகு எழுத வருகிறவர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

அப்படியென்றால் பேயே வேண்டாமா? வேண்டும். நம் பழையனூர் நீலி கதையை நினைத்துப் பாருங்கள். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாக வருகிறாள், கள்ளிக் கொப்பைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி வழக்குச் சொல்கிறாள், வாக்குக் கொடுத்த 70 வேளாளர்கள் தீயில் இறங்குகிறார்கள். எவ்வளவு பயங்கரமான கதை! ஆனால் முதலில் கொன்றவன் யார் என்பதில் அந்தக் கதைக்கு ஐயமே இல்லை. அந்தப் பேய் பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு கொலைகாரனைக் காப்பாற்றவில்லை. அவனைத் தேடி வந்து நிற்கிறது. சரித்திரத் திகிலில் எனக்கு வேண்டிய பேய் அவள்தான். மோலியின் எலும்புகளும் அப்படித்தான் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து சாட்சி சொல்லின.

ஆட்டத்தின் விதி ஒன்றோடும் எனக்கு நெடுநாளாக ஒரு வாக்குவாதம் இருக்கிறது. 'கால் ஆஃப் கதுலு'வில் ஒவ்வொருவருக்கும் மனநிலைக்கு ஒரு மதிப்பெண் உண்டு. தெரியக் கூடாத உண்மை தெரியத் தெரிய அது குறையும். எவ்வளவு அதிகம் அறிகிறோமோ அவ்வளவுக்கு அதன் உச்சவரம்பே இறங்கும். அறிவு ஆளை உடைக்கும் என்பது அதன் உள்ளர்த்தம். திகில் கதைக்கு அழகான விதி. ஆரஞ்சு நகரத்துப் பெண்களுக்கு நேர்ந்தது வேறு. கிரேஸ் ஃப்ரையர் தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அறிந்தவர். முதுகெலும்பு நொறுங்கி, உடலைத் தாங்க இரும்புக் கச்சை கட்டியிருந்தார். வழக்கறிஞர் கிடைக்கவே இரண்டு ஆண்டுகள் அலைந்தார். 1927இல் ரேமண்ட் பெர்ரி என்ற இளைஞர் வழக்கை எடுத்தார். கிரேஸுடன் இன்னும் நான்கு பெண்கள். அவர்களில் இருவர் மோலியின் சகோதரிகள். 1928 ஜனவரியில் நீதிமன்றத்தில் சத்தியம் செய்யச் சிலரால் கையைத் தூக்க முடியவில்லை. அந்த ஜூனில் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது: ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. உண்மையை அறிந்ததால் அவர்கள் புத்தி கலங்கிப் போகவில்லை. அதை அறிந்த பிறகுதான் எழுந்து நின்றார்கள்.

நாம் வாழ்வதும் இந்தக் கேள்வியோடுதான். ஒரு சாவு நடந்ததும் விதி என்கிறோம், கெட்ட நேரம் என்கிறோம். துயரத்தில் இருப்பவருக்கு அது தேவைப்படலாம்; அதை நான் பறிக்க மாட்டேன். ஆனால் ஒருவர் கழிவுநீர்த் தொட்டிக்குள் மூச்சடைத்து இறக்கும்போதும் நாம் வாயுவோடு நின்றுவிடுகிறோம். உள்ளே இறக்கியவர் யார், கூலி பேசியவர் யார், 2013இலேயே தடைச் சட்டம் வந்தும் ஏன் இறக்கினார்கள் என்று கேட்க நமக்கு நாக்கு எழுவதில்லை. கேட்டால் நமக்குத் தெரிந்த ஒரு முகம் வந்து நிற்கும். அதற்குப் பேய் எவ்வளவோ மேல் என்று தோன்றிவிடுகிறது. விளையாட்டில்கூட அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகாதவர்கள் வெளியில் எங்கே கேட்கப் போகிறோம்?

இப்போது தமிழிலும் இத்தகைய ஆட்டங்களை எழுதிப் பார்க்க விரும்பும் இளைஞர்களைச் சந்திக்கிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்டத்தின் காலம் 1920கள் என்றால் நீங்கள் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் காய்ச்சலிலும் கடனிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்ற நாவலாக அதை எழுதினார்; இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கிடைக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். பிறகு அந்த மலைக்கு உங்கள் ஆட்டக்காரர்களை அழைத்துப் போங்கள். பனி இருக்கட்டும், அட்டை இருக்கட்டும், இரவில் ஏதோ ஒன்று நடமாடவும் செய்யட்டும். ஆனால் மேஸ்திரி கொடுத்த முன்பணம் எவ்வளவு, ஆண்டு முடிவில் எவ்வளவு கழித்தார்கள், எத்தனை பேர் ஊர் திரும்பவில்லை என்று எழுதிய ஒரு தாளைக் கட்டாயம் அவர்கள் கையில் கொடுங்கள். அதன் அடியில் ஒரு மனிதனின் கையெழுத்து இருக்கட்டும்.