காணாதவன் உயிர்

பிறர்க்குத் தீங்கு செய்யவேண்டும் என்ற நினைவே இல்லாத ஒருவன் தன் வீட்டுக் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அதன் விளைவாக, அவன் ஒருநாளும் முகங்கண்டறியாத வேறொருவனுடைய உயிர் போய்விடுமானால், அந்தப் பாவம் அவனைச் சாருமா, சாராதா என்ற கேள்வி நம் நாட்டுத் தத்துவ சாஸ்திரங்களுக்குப் புதியதன்று. சங்கற்பமே கர்மம் என்றது பௌத்தம். அஜாக்கிரதையோடு கூடிய செயலால் ஓர் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை என்று இலக்கணம் வகுத்தது ஜைனருடைய தத்துவார்த்த சூத்திரம். இவ்விரு சமயத்தாரும் இதுபற்றி நெடுங்காலம் வாதிட்டார்கள். மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள உபாலி சூத்திரம் அந்த வாதத்தின் ஒரு பகுதிதான். காட்டில் நடக்கும் துறவியின் காலடியில் அகப்படும் எறும்பைப்பற்றி அன்று பேசிய பேச்சை, புயல் ஓய்ந்த ஊரில், ஜெனரேட்டர் ஓடும் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு நாம் மறுபடியும் பேசவேண்டியிருக்கிறது.

2018 நவம்பர் 16ஆம் தேதி பொழுது விடியுமுன் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறியபோது, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், செல்போன்களுக்குச் சார்ஜ் போடவும், நோயாளி படுத்திருக்கும் அறையில் ஒரு மின்விசிறியைச் சுழலவைக்கவும் ஜனங்கள் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்தார்கள். அதே நாட்களில், தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்துசேர்ந்த மின்பணியாளர்கள் இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். இந்த இரு சாராரும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள்; ஆயினும் அறுந்தும் அறாமலும் கிடந்த கம்பி அவர்களைப் பிணைத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பிணைப்பு எத்தகையது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட் மின்சாரத்தை நம் வீட்டுக்குரிய 230 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது என்பதை எல்லாரும் அறிவர். அதே கம்பிச் சுருள்களும் அதே இரும்பும், இந்தப் பக்கத்திலிருந்து 230 வோல்ட்டைச் செலுத்தினால் அந்தப் பக்கத்தில் 11,000 வோல்ட்டை எழுப்பிவிடும் என்பதை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. ஒருவர் இரு முனையிலும் பிளக் பொருத்திய ஒயர் ஒன்றைச் செய்துகொண்டு, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரில் உள்ள பாயிண்ட்டிலும் செருகிவிடுகிறார், வீடு முழுவதும் விளக்கு எரிகிறது, அவருக்கு மகிழ்ச்சி. மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமல் இருந்தால் அந்த மின்சாரம் மீட்டரைக் கடந்து, தெருக்கம்பியில் ஏறி, செத்துக்கிடப்பதாக எல்லாரும் நம்பும் கம்பிக்கு உயிர் கொடுத்துவிடுகிறது. இவ்வளவு சிறிய இயந்திரத்தால் தெரு முழுவதையும் தாங்கமுடியாது, உடனே திணறி நின்றுவிடுமே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். கம்பிகள் முழுதாக இருக்கும் நாளில் அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் புயலுக்குப் பின் கம்பி எங்கே அறுந்திருக்கிறது, யார் வீட்டுப் பியூஸ் பிடுங்கப்பட்டிருக்கிறது என்பதை யார் கண்டார்? சுமக்க வேண்டிய பாரம் எதுவும் இல்லாத ஒரு துண்டுக் கம்பியை உயிர்ப்பிக்க அந்தச் சிறிய இயந்திரமே போதும். டிரான்ஸ்பார்மர் வரையில் போகவேண்டிய அவசியங்கூட இல்லை. ஈரக்கையோடு கம்பியைப் பற்றியவனைக் கொல்ல 230 வோல்ட் தாராளமானது.

கம்பத்தில் ஏறும் லைன்மேன் தன்னளவில் செய்துகொள்ளும் காப்புகள் உண்டு. மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கான லைன் கிளியர் வாங்குகிறான், கம்பியைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து அதன் கைப்பிடியைப் பூட்டுகிறான். எர்த் ஒயரின் ஒரு முனையை முதலில் நிலத்தோடு இணைத்து, மறுமுனையில் உள்ள கொக்கியை நீண்ட கோலால் கம்பியில் மாட்டி எர்த் செய்கிறான். அதன் பிறகே கையை வைக்கிறான். விதிப்படி எல்லாம் நடந்தால் நம் ஜெனரேட்டரின் மின்சாரமும் அந்த எர்த் ஒயர் வழியே மண்ணில் இறங்கிவிடும். ஆனால் பத்துப் பதினைந்து நாட்களாகச் சரியான உறக்கமின்றி, இருட்டுமுன் இந்தத் தெருவுக்காவது வெளிச்சம் கொடுத்துவிடவேண்டும் என்று வேலை செய்பவனிடம், நம்முடைய கவலையீனத்துக்கும் சேர்த்து நீ ஜாக்கிரதையாக இரு என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கஜா அழித்த பிரதேசத்திலேயே, திருவாரூரில், கோயிலுக்கு வெளியே ஒரு கல் தேர் நிற்கிறது. மனுநீதிச் சோழனுடைய சரித்திரத்தைத் தமிழரில் அறியாதவர் இலர். சேக்கிழார் அதைச் சொல்லும் முறையைக் கவனித்தால், அரசகுமாரன் கன்றைக் கொல்ல நினைத்தவனல்லன், அது துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டதை அவன் பார்க்கவே இல்லை என்பது தெளிவாகும். அமைச்சர்கள் அதனால்தான் பிராயச்சித்தம் போதும் என்கிறார்கள். அரசன் அதற்கு இசையவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட அந்தத் தண்டனையைச் சரி என்று சொல்ல என் மனம் துணியவில்லை. ஆயினும், எண்ணம் இல்லை என்பதே விடுதலை ஆகாது என்ற அவனுடைய தீர்ப்பின் அடிப்படையில் ஒரு பெரிய உண்மை இருப்பதாகக் கருதுகிறேன். பசு வந்து மணியை அசைத்தது, குற்றம் வெளிப்பட்டது, யாரிடம் நீதி கேட்பது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. கம்பத்திலிருந்து விழுந்தவனுடைய மனைவி எந்த மணியை அசைப்பாள்? அந்த மின்சாரம் எந்தத் தெருவில், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. அதைவிடப் பயங்கரமானது, அனுப்பியவனுக்கே அது தெரியாமற்போகலாம் என்பதுதான். அன்றிரவு அவன் மின்விசிறியின் கீழ் நிம்மதியாக உறங்கியிருப்பான். மறுநாள் செய்தி கேட்டு, ஐயோ பாவம் என்று இரங்கியுமிருப்பான்.

செய்தவனே அறியாத பாவத்துக்குப் பிராயச்சித்தம் ஏது? அதற்கு வருத்தப்படவும் இயலாது, மன்னிப்புக் கேட்கவும் இயலாது. ஆகவே இந்த விஷயத்தில் தர்மம் முழுவதும் செயலுக்கு முன்பே செய்துமுடிக்கப்படவேண்டியதாகிறது. பின்னால் செய்துகொள்ளலாம் என்று எதையும் மிச்சம் வைக்கமுடியாது. இந்தக் காரணத்தாலேயே, சங்கற்பத்தைப் பெரிதென்ற பௌத்தரிடம் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தபோதிலும், இங்கே அஜாக்கிரதையைச் சுட்டிக்காட்டிய ஜைனரே நமக்கு ஆசிரியராக வேண்டியவர்கள் என்று நினைக்கிறேன். திருவள்ளுவர் பொச்சாவாமை என்ற அதிகாரத்தைப் பொருட்பாலில், அரசனுக்குரிய குணங்களோடு வைத்தார். மறதியால் பிறர் உயிரைப் போக்கும் ஆற்றல் அக்காலத்தில் பெரும்பாலும் அரசனிடமே இருந்தது போலும். இன்று அந்த ஆற்றல் வாசலில் இருக்கும் ஒரு பெட்ரோல் இயந்திரத்தின் மூலம் எல்லாருக்கும் வந்துவிட்டபடியால், அதை இல்லறத்தாருக்குரிய அதிகாரமாகவே படிப்பது பொருந்தும்.

"நான் ஒவ்வொரு தடவையும் மெயினை அணைத்துவிட்டுத்தான் ஜெனரேட்டரைப் போடுகிறேன், அது போதாதா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்பவர் யோக்கியரே, அவர் சொல்வதும் மெய்யாகவே இருக்கும். ஆனால் அவர் ஊரில் இல்லாத இரவில் இயந்திரத்தைக் கிளப்புவது அவருடைய மகனாக இருக்கலாம். காய்ச்சலோடு இருட்டில் தடவிக்கொண்டு வருபவர் அவரே ஆகவும் இருக்கலாம். தெளிவான மனத்தோடு இருக்கும் நேரத்தில், தெளிவில்லாத நேரத்துத் தன்னைக் கட்டிப்போடுவதற்காகவே பெரியோர் விரதங்களை ஏற்படுத்தினார்கள். வீட்டு மின்பலகையின் பக்கத்தில் பொருத்தப்படும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் அப்படிப்பட்ட ஒரு விரதமே. சிறிய இரும்புப் பெட்டி. பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதற்கு மூன்று நிலைகள். மேலே தள்ளினால் மின்வாரியத்தின் மின்சாரம், கீழே இழுத்தால் ஜெனரேட்டர், நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. உள்ளே கத்திகள் ஒரே அச்சில் கோக்கப்பட்டிருப்பதால், ஒன்றை விடாமல் மற்றொன்றைப் பற்ற அவற்றால் முடியாது. தெருவில் மின்சாரம் திடீரென்று திரும்பிவந்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரோடு மோதி அதை எரித்துவிடாமல் காப்பதும் இதுவே.

தவறு செய்யமுடியாதபடி இரும்பு தடுத்துவிட்டால் அதில் மனிதனுடைய தர்மம் எங்கே இருக்கிறது என்று கேட்பது நியாயமான தத்துவக் கேள்வி. சுவிட்சுக்குத் தர்மம் இல்லை, உண்மைதான். அதை வாங்கி மாட்டுவது என்று, வெயிலடிக்கும் ஒரு சாதாரண நாளில், புயலின் அறிகுறியே இல்லாதபோது, எங்கோ இருக்கும் லைன்மேனை நினைத்து ஒருவன் தீர்மானித்தானே, அந்தத் தீர்மானத்தில் தர்மம் முழுவதும் இருக்கிறது. தன் நல்ல குணத்தை நம்பாமலிருப்பதும் நல்ல குணத்தின் ஒரு பகுதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

செய்வதை அரைகுறையாகச் செய்யலாகாது. பேஸை மட்டும் பிரித்து நியூட்ரலை விட்டுவிட்டால், வீட்டுக்கும் தெருவுக்கும் உள்ள தொடர்பு முழுவதும் அறுபடுவதில்லை. ஆகையால் ஒற்றைப் பேஸ் வீட்டுக்கு இரண்டு கம்பிகளையும், மூன்று பேஸ் வீட்டுக்கு நான்கையும் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்சே தேவை. அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக்கொண்டு, மெயினை அணைத்துப் பொருத்தச் செய்யவேண்டும். எர்த்தையும் அவரே சோதித்துச் சொல்லவேண்டும். மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போலப் பன்மடங்கு மின்சாரம் இழுக்குமாதலால், ஜெனரேட்டரின் சக்தியை அறிந்தே எவையெவை அதன்மேல் ஏறலாம் என்று முடிவுசெய்யவேண்டும். இயந்திரத்தை மழைக்கு அஞ்சி வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ வைத்துவிடுபவர்கள் உண்டு. அதன் புகையில் கலந்த கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அங்கே காணாமலே கொல்லப்படுகிறவர்கள் தன் வீட்டுக் குழந்தைகள். வெளியில், ஜன்னல்களுக்கு அப்பால் ஓர் இருபதடியாவது தள்ளியே அது இருக்கவேண்டும்.

சுவிட்ச் இல்லாத வீட்டில் புயல் வந்துவிட்டால் என்ன செய்வது? மின்பலகையைத் தொடாமலே இருந்துவிடலாம். ஜெனரேட்டரிலேயே உள்ள சாக்கெட்டிலிருந்து தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை நேரே இழுத்து, அதில் ஒரு விளக்கையும் ஒரு மின்விசிறியையும், சக்தி போதுமானால் பிரிட்ஜையும் செருகிக்கொண்டால், அந்த மின்சாரம் சுவரில் உள்ள கம்பிக்குள் நுழையவே நுழையாது. வீடு முழுவதும் எரியாது, அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரர் இருபக்கப் பிளக் ஒயரோடு நிற்பதைக் கண்டால், அது அவர் சொந்த விஷயம் என்று கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. "அண்ணே, அதை வைங்க, நம்ம ஒயரை இங்கிருந்தே இழுத்துத் தர்றேன்" என்று சொல்லி, நம் விளக்குகளில் ஒன்றைக் குறைத்தாவது அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு விளக்கை எரியச்செய்து, அந்த ஒயரின் இரு பிளக்குகளில் ஒன்றை அப்போதே கழற்றி வாங்கிக்கொள்ளவேண்டும்.