நாம் முஸாபிர்களா?

கடல் கடந்து பொருள் தேடப் போனவரை நம் ஊர்களில் ‘சபராளி’ என்பர். சிங்கப்பூரில் இருபதாண்டுக்கு மேல் கடை நடத்தியும் நாம் அப்பெயரை விட்டபாடில்லை.

சகோதரர்களே! முஸாபிருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஓரிடத்தில் தங்க நிய்யத்து வைத்துவிட்டாலோ அச்சலுகை போய்விடும். ஷாபியீக்கு நான்கு நாள், ஹனபிக்குப் பதினைந்து நாள் தங்கும் எண்ணமே போதும்.

வெள்ளிதோறும் நாம் ஜும்ஆவுக்குப் போகையில் பக்கத்துக் கடைச் சீனத் தவுக்கே நம் கடையையும் பார்த்துக் கொள்வார். அவர் காலமானபோது, ‘பிழைக்க வந்த நமக்கென்ன?’ என்று துக்கம் விசாரிக்கக்கூட நாம் போகவில்லை. அன்றும் லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழுதோம். தொழுகைக்கு உள்ளூர்க்காரர், அண்டை அயலார் ஹக்குக்கு மட்டும் முஸாபிரா? இது என்ன நியாயம்?

சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-ல் ஜாமிஆ சூலியா பள்ளியை நிறுவிய நம் முன்னோரும் பிழைக்க வந்தவர்களே. நாளை ஊர் திரும்புவோம் என்று மட்டுமே அவர்கள் எண்ணியிருந்தால் நமக்குத் தொழ இடம் ஏது?

ஊரை மறக்கச் சொல்லவில்லை. பெற்றோருக்குப் பணம் அனுப்புவதும் கடமையே. ஆயினும் சோறு போடும் நாட்டுக்கு உள்ள கடமையைப் பாதியாக்க நமக்கு அனுமதி இல்லை.

தவுக்கேயின் மகன் இப்பொழுது கடையில் இருக்கிறார். காலங்கடந்தாலும் நாளை அவரிடம் போவதாக நிய்யத்து வைத்திருக்கிறோம்.