அசோகரின் பச்சாத்தாபம்

யுத்தத்தில் ஜயித்த அரசர்கள் வெற்றித்தூண் நாட்டுவதும், தாம் வென்ற நாடுகளையும் கவர்ந்த யானைகளையும் எரித்த ஊர்களையும் வரிசைப்படுத்தி மெய்க்கீர்த்தி பொறிப்பதும் எங்கும் உள்ள வழக்கம். நம் சோழ மன்னர்களும் அதற்கு விலக்கல்லர். அந்த வழக்கத்துக்கு நேர்மாறாக, தான் பெற்ற வெற்றியையே தன்மேல் சாட்டிய குற்றமாகக் கல்லில் வெட்டுவித்து, பிரஜைகள் எல்லோரும் அறியும்படி செய்த சக்கரவர்த்தி ஒருவரைத் தேடினால், மௌரிய வம்சத்து அசோகரைத் தவிர வேறு பெயர் எளிதில் அகப்படாது. ஆனால் அந்தப் பச்சாத்தாபத்தை வியந்து போற்றுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். அது எதற்காக வருந்தியது, எதற்காக வருந்தவில்லை என்று விசாரிப்பவர்கள் குறைவு.

பட்டாபிஷேகம் நடந்து எட்டு ஆண்டு கழிந்தபின், அதாவது ஏறக்குறைய கி.மு. 261-ல், கலிங்கம் வெல்லப்பட்டது என்று அவருடைய பதின்மூன்றாம் பாறைச் சாஸனம் கூறுகிறது. அங்கிருந்து 1,50,000 பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள். 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள். அதைப்போலப் பல மடங்கு மக்கள் மாண்டார்கள். களத்தில் வாளால் கொல்லப்பட்டவர்களை ஒரு கணக்காகவும், யுத்தத்தின் பின்விளைவால் மாண்டவர்களை வேறொரு கணக்காகவும் பிரித்துச் சொல்லும் நேர்மை, சேனாதிபதிகளின் வெற்றி அறிக்கைகளில் இன்றும் அபூர்வமாகவே காணப்படுவது. இவ்வளவோடு அரசர் நிறுத்திவிடவில்லை. பெரியோரைப் பணிந்தும், தாய் தந்தையரைப் பேணியும், வேலைக்காரரிடம் முறையோடு நடந்தும் வாழ்ந்துவந்த பிராமணரும் சிரமணரும் இல்லறத்தாரும் காயமுற்றதையும், உற்றாரைப் பிரிந்ததையும் எண்ணிப் பார்க்கிறார். தம் உடலில் ஒரு கீறலும் படாதவர்கள்கூடத் தம் நண்பருக்கும் சுற்றத்தாருக்கும் நேர்ந்ததைக் கண்டு துயருறுவதால், அதுவும் அவர்களுக்கு நேர்ந்த தீங்கே என்று தீர்ப்பளிக்கிறார். மாண்டவர்களில் நூறில் ஒரு பங்கினருக்கோ ஆயிரத்தில் ஒரு பங்கினருக்கோ அக்கதி நேர்ந்தாலும் இனித் தமக்குப் பெருந்துயரமே என்பது அவர் வாக்கின் சாரம்.

பெயர்த்துக் கொண்டுபோகப்பட்ட அந்த ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். வேற்று நாட்டிலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்து வெற்றிடங்களில் குடியேற்றி நிலத்தைத் திருத்தவேண்டும் என்பது அர்த்தசாஸ்திரம் சொல்லும் ராஜ்ய தந்திரங்களில் ஒன்று. கலிங்கத்து மக்களும் அவ்வாறே எங்கேயோ காடு வெட்டவும் ஏர் பிடிக்கவும் அனுப்பப்பட்டிருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. மாண்டவர்களைத் திருப்பித் தரச் சக்கரவர்த்தியாலும் ஆகாது. உயிரோடு இருந்தவர்களை ஊருக்கு அனுப்புவதோ அவர் கையில் இருந்த காரியம். அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று சாஸனம் எங்கும் சொல்லவில்லை. வென்ற நாட்டை விட்டுக்கொடுத்ததாகவும் சொல்லவில்லை. தோற்ற அரசனின் பெயரைக்கூட அது குறிக்கவில்லை. கலிங்கம் மௌரிய சாம்ராஜ்யத்தின் ஒரு பகுதியாகவே நீடித்தது.

அசோகர் தழுவிய பௌத்தத்தில் உபாசகனுக்கு விதிக்கப்பட்ட ஐந்து சீலங்களில் முதலாவது, உயிரைக் கொல்லாதிருத்தல். இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுக்காதிருத்தல். அசோகரின் சாஸனம் முதற் சீலத்தின் பங்கத்துக்காக நெஞ்சுருகி வருந்துகிறது. இரண்டாவதைப் பற்றி அது வாய் திறக்கவேயில்லை. சிறு பொருளைத் திருடியவனும் அதை உடையவனிடம் ஒப்படைத்தபின்பே பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம் என்று மனு ஸ்மிருதி கூறுகிறது. சாமானியத் திருடனுக்கு உள்ள இந்த நியமம் ராஜ்யத்தைக் கவர்ந்தவனுக்கு இல்லையா? மாட்டைக் கொன்று செருப்புத் தானம் செய்வது என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்வது இதைத்தானே?

இதற்கு ராஜநீதி அறிந்தவர்கள் விடை வைத்திருப்பார்கள். நாட்டைத் திருப்பித் தருவதென்றால் யாரிடம் தருவது? படை நொறுங்கி, குடிகள் சிதறி, தலைவனற்றுக் கிடந்த தேசத்தை விட்டுச் சேனை திரும்பியிருந்தால், அங்கே உட்பூசலும் கொள்ளையும் தலைவிரித்தாடியிருக்கும். மௌரியரின் பிடி தளர்ந்தது என்று கண்ட மற்றச் சிற்றரசர்களும் கிளம்பியிருப்பார்கள். ஒரு யுத்தத்துக்காக வருந்தியவர் பத்து யுத்தங்களுக்கு வித்திட்டவராகியிருப்பார். இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், பிறர் நாட்டை வைத்திருக்கிற ஒவ்வொரு சாம்ராஜ்யமும் எக்காலத்திலும் சொல்லிவந்த வாதம் இதுவே என்பதையும், விட்டுப்போனால் அவர்கள் அடித்துக்கொண்டு சாவார்கள் என்று நம்மைப் பற்றியும் ஒரு காலத்தில் பேசினார்கள் என்பதையும் மறக்கலாகாது.

இன்னொரு செய்தி இந்த விசாரணையை மேலும் சிக்கலாக்குகிறது. சௌராஷ்டிரத்துக் கிர்நாரிலும், இமயத்தின் அடிவாரத்துக் கால்சியிலும், பெஷாவருக்கு அருகே ஷாபாஸ்கடியிலும், ஆந்திரத்து எர்ரகுடியிலும் காணப்படும் பதின்மூன்றாம் சாஸனம், கலிங்கத்து மண்ணில் வெட்டப்படவில்லை. புவனேசுவரத்துக்கு அருகே தௌலியில், பாறையிலிருந்து முன்னுடலை மட்டும் நீட்டி வெளிப்படும் யானைச் சிற்பத்தின் கீழே வரிசையாகச் சாஸனங்கள் இருக்கின்றன; பதினொன்று முதல் பதின்மூன்று வரை உள்ளவை மட்டும் அங்கே இல்லை. கஞ்சம் பகுதியின் ஜௌகடாவிலும் அப்படியே. யாருக்குத் தீங்கு இழைத்தாரோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் சக்கரவர்த்தி தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்! ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்ற தாட்சண்யமாக இருக்கலாம். மாண்டவரின் தொகையைப் படித்தால் இருப்பவர் கொதித்தெழுவார்கள் என்ற முன்யோசனையாகவும் இருக்கலாம்.

ஆனால் விடுபட்ட அந்தச் சாஸனங்களுக்குப் பதிலாகக் கலிங்கத்தில் வெட்டப்பட்டிருக்கும் இரண்டு தனிச் சாஸனங்களைப் பார்க்கும்போது வேறொரு எண்ணம் எழுகிறது. தோசலி, ஸமாபா என்னும் நகரங்களின் அதிகாரிகளை நோக்கி அவை பேசுகின்றன. மனிதர் எல்லோரும் என் மக்கள் என்று அரசர் கூறி, காரணமின்றி எவனும் சிறைப்படவோ துன்புறவோ கூடாது என்று கட்டளையிடுகிறார். பொறாமை, கோபம், கொடுமை, அவசரம், சோம்பல், களைப்பு ஆகியவை நியாயம் வழங்குபவனைக் கெடுக்கும் என்று எச்சரிக்கிறார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை சாந்த குணமுள்ள அதிகாரி ஒருவர் வந்து இவற்றைப் பரிசோதிப்பார் என்கிறார். திஷ்ய நட்சத்திர நாளில் இச்சாஸனம் வாசிக்கப்பட வேண்டும், இடையிலும் ஒரே ஒருவன் கேட்க வந்தாலும் அவனுக்காக வாசிக்கப்பட வேண்டும் என்பது உத்தரவு. வென்றவனுடைய மன வேதனையைக் கேட்டு வென்றவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய கட்டாயம் கலிங்கத்தானுக்கு இல்லை. அவனுக்கு வேண்டியிருந்தது, ஜயித்த படையின் பின்னால் வந்து அமர்ந்த அதிகாரியின் கை தன்மேல் நியாயமின்றி ஓங்காமல் இருப்பது. அந்த அளவில், மற்ற இடங்களில் சொல்லாக இருந்த பச்சாத்தாபம் கலிங்கத்தில்தான் செயலாயிற்று எனலாம்.

இருப்பினும் அதன் எல்லையையும் அசோகரே காட்டிவிடுகிறார். வருத்தம் தோய்ந்த அதே பதின்மூன்றாம் சாஸனத்தில், காட்டுக் குடிகளை நோக்கி, வருந்தும் நிலையிலும் தண்டிக்கும் வல்லமை தமக்கு உண்டு என்று அவர் நினைவூட்டுகிறார். மரண தண்டனையை அவர் ஒழிக்கவில்லை. தண்டனை பெற்றவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் தந்தார் என்று பிற்காலத் தூண் சாஸனம் கூறுகிறது. தம் மக்களும் அவர்களுடைய சந்ததியாரும் புதிய ஜயத்தை விரும்பலாகாது என்றவர், அப்படியே ஜயிக்க நேர்ந்தால் பொறுமையோடும் லேசான தண்டனையோடும் நடந்துகொள்ளட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். வாளை அவர் உறையில் இட்டார். உறையை இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை. தர்மத்தால் வெல்லப்பட்டவர்கள் என்று அவர் எண்ணிய தேசத்தாரின் வரிசையில் சோழரும் பாண்டியரும் இடம்பெறுகிறார்கள். கலிங்கத்துக்கு நேர்ந்தது தெற்கே நேரவில்லை என்பதால், அந்த உறையிட்ட வாளுக்கு நம் முன்னோரும் நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்களே.

பச்சாத்தாபத்துக்கு மூன்று படிகள் உண்டு என்று தோன்றுகிறது: செய்ததை ஒப்புக்கொள்வது, மறுபடி செய்யாதிருப்பது, எடுத்ததைத் திருப்பித் தருவது. முதற்படிக்கு நெஞ்சத் துணிவு போதும். இரண்டாவதற்குப் புலனடக்கம் வேண்டும். மூன்றாவதற்கோ, இழக்கச் சம்மதிக்க வேண்டும். அரசனாயினும் ஆண்டியாயினும் முதல் இரண்டில் நிறைவு கண்டு மூன்றாவதை மறந்துவிடுவது மனித சுபாவம். ஏனெனில் வருத்தம் நமக்கே ஒரு சுத்தியைத் தந்துவிடுகிறது, அதன்பின் கடன் தீர்ந்தது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. ஆகையால் ஒருவனுடைய வருத்தம் எவ்வளவு மெய்யானது என்று அறிய அவன் கண்ணீரைப் பார்க்க வேண்டியதில்லை. அவன் கையில் இன்னும் இருப்பது யாருடையது என்று கேட்டால் போதும். அக்கேள்வியை நோக்கி அசோகர் இரண்டு படி ஏறி வந்து நின்றுவிட்டார். அதற்காக அவரைக் குறைவாக எண்ணும் உரிமை, மூன்றாம் படி ஏறிய ஒருவனுக்கே உண்டு.