கஞ்சியோடு கடமை தீர்ந்ததா?



நம் சிங்கப்பூரில் தாதிமை இல்லம் என்றதும் முதியோரே நினைவுக்கு வருகின்றனர். விபத்தில் முதுகுத்தண்டு முறிந்தும், பக்கவாதம் கண்டும் படுத்துவிட்ட முப்பது, நாற்பது வயதினரும் அங்கே உண்டு. படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடத் தாதியர் இருக்கின்றனர். உழைக்கத் துடிக்கும் உள்ளத்தைக் கவனிக்க யார் இருக்கிறார்?

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டே குர்ஆனின் 80-வது அத்தியாயத்தின் தொடக்கம் இறங்கியது. நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பரிதாபப்பட்டு ஒரு மூலையில் அமர்த்திவிடவில்லை. பாங்கு சொல்லும் பணியைக் கொடுத்தார்கள்; தாம் வெளியூர் சென்றபோது மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள்.

நாமோ ரமலானில் நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். கஞ்சி நல்லதே, அத்துடன் கடமை தீர்ந்ததா? கணக்குத் தெரிந்தவரிடம் நம் கடைப் பேரேட்டைக் கொடுப்போம். உரிய கூலியும் கொடுப்போம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நம் வண்டியில் அழைத்து வருவோம். தொழுகை வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம் விடுவோம்.

நோயாளியை ஏன் நலம் விசாரிக்கவில்லை என்று அல்லாஹ் மறுமையில் கேட்பான். லாப நஷ்டம் பார்க்கத் தெரிந்த நாம், அந்தக் கணக்கையும் இன்றே பார்த்துக்கொள்வோமாக! ஆமீன்.