வாசல் நாய்க்கும் ஓர் ஊசி



நயினார்கோவில் வட்டாரத்திலே ஆட்டுக்குத் துள்ளுமாரி ஊசி, மாட்டுக்குக் கோமாரி ஊசி என்றால் கால்நடை மருந்தகத்துக்குத் தப்பாமல் போகிறோம். நல்ல காரியந்தான், ஆடு விலை போகுமல்லவா! ஆனால் அந்த ஆட்டுக்கிடையை இராமுழுதும் காவல் காக்கிற நாயை அங்கே கொண்டுபோனவர் நம்மில் எத்தனை பேர்?

தொபியாஸ் ஆகமத்தை நினைத்துப் பாருங்கள். இளைய தொபியாஸ் பிரயாணம் போகையில், அதிதூதரான அர்ச். இரபாயேலோடுகூட வீட்டு நாயும் நடந்தது. சர்வேசுரன் குணமாக்குகிறார் என்பதே இரபாயேல் எனும் நாமத்தின் பொருள். அப்பேர்ப்பட்டவரோடு நாய் நடக்கலாமானால், மருத்துவரின் வாசலுக்கு நம் நாய் ஏன் வரலாகாது?

வெறிநோய் வெளிப்பட்டபின் நாயாயினும் பிள்ளையாயினும் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆயினும் முன்கூட்டியே தடுக்கலாம். 1885-ம் வருஷம் வெறிநாயிடம் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் ஊசி போடுவித்தார், அவன் பிழைத்தான். 1907-ல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் ஸ்தாபனம் ஏற்பட்டது. நாய்க்குட்டிக்கு மூன்று மாதமானதும் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லுகிறபடி வருஷந்தவறாமல். முரண்டு பிடித்தால் வாய்க்கட்டுப் போட்டு அழைத்துப் போங்கள்.

பிள்ளையை நாய் கடித்துவிட்டாலோ, சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்பாதேயுங்கள். நம் முண்டு மிளகாய் குழம்புக்கு உரியது. ஓடுகிற தண்ணீரில் சவுக்காரமிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். காயம் ஆறிற்றென்று பாதியில் நிறுத்தாமல், சீட்டில் குறித்த நாளெல்லாம் ஊசி போடவேண்டும். அங்கே அது இலவசம்.