இரு வாயில்கள்

1966-இல் அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேசன் என்னும் வைத்தியர், ஸ்தூல சரீரத்தால் துன்புற்றோருக்கு வயிற்றை நெடுகக் கீறி, இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலோடு இணைத்தார். 1994-இல் விட்குரோ, கிளார்க் என்னும் வைத்தியர்கள் அவ்வகைக் கிரியையை, கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, சில சிறு துவாரங்களின் வழியே லாப்பராஸ்கோப் என்னும் நோக்குக் குழலைச் செலுத்திச் செய்ததை அறிவித்தார்கள். வேதனையும், புண் சீழ்கொள்வதும், தழும்பின் வழியே குடல் பிதுங்குவதும் பின்னதில் குறைவே. ஆயினும் உள்ளே நிகழும் மாற்றம் இரண்டிலும் அடிப்படையில் ஒன்றே.

மார்க்கம் பலவாயினும் சேருமிடம் ஒன்றென்னும் சமயவாதிகளுக்கு இது சான்றாகுமோ? ஆகும், ஆனால் துன்பத்தைக் குறைக்கும் வழியிருக்க, துன்பத்தையே புண்ணியமெனக் கொள்வது தபசாகாது. கத்தி பசியைச் சுருக்கலாம். ஆசையை அடக்குவதோ, எந்த வாயிலின் வழியே புகுந்தும் பிறர் நமக்காகச் செய்து தரக்கூடிய காரியமன்று.